காகிதக் கருவூலம் – 14: மண்ணில் மோதிய மாவீரர்கள்

அமெரிக்காவில் பேஸ்பால் அட்டை சிகரெட் பெட்டிக்குள் பிறந்து, சூயிங்கம் உறைக்குள் வளர்ந்த கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். அங்கே அட்டை நெடுங்காலம் பெரும்பாலும் இன்னொரு பண்டத்தோடு வந்த இலவசம். பசிபிக்கைத் தாண்டி ஜப்பானுக்குப் போனால் கதை தலைகீழாகிறது. அங்கே அட்டைதான் பண்டம். பையன்கள் காசு கொடுத்து அதையே வாங்கினார்கள். வாங்கியதைப் புத்தகத்துக்குள் பத்திரப்படுத்தாமல் தெருவுக்கு எடுத்துப் போய், கையை உயர்த்தி, மண்ணில் ஓங்கி அடித்தார்கள்.

இந்த வேறுபாடு பிடிபடாதவரை ஜப்பானியப் பழைய அட்டைகளின் வரலாறும் பிடிபடாது. முனை மழுங்காத, மடிப்பு விழாத, நேற்று அச்சானது போலிருக்கும் அட்டைக்கே மதிப்பு என்பது அமெரிக்கச் சந்தை வகுத்த அளவுகோல். அதை ஜப்பானிய அட்டைமீது வைத்தால், செய்யவேண்டிய வேலையைச் செய்யாமலே கிடந்த அட்டை முதலிடம் பெறும். பலமுறை மண்ணில் மோதி ஒரு சிறுவனின் சொத்தைப் பெருக்கிய அட்டை கழிவாகிவிடும். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

அந்த விளையாட்டின் பெயர் மென்கோ. பேஸ்பால் வருவதற்கு முன்பே அது ஜப்பானில் இருந்தது. எடோ காலத்தில் களிமண்ணை அச்சில் அழுத்திச் சுட்டு, சின்னச் சின்ன முகங்களாகச் செய்தார்கள். மெய்ஜி காலத்தில் ஈயத்தில் வார்த்தார்கள். பிள்ளைகள் கையில் ஈயம் புழங்கினால் நஞ்சாகும் என்ற அச்சம் 1900 வாக்கில் எழுந்தது. ஈயம் ஒதுங்க, தடித்த காகித அட்டை அதன் இடத்தைப் பிடித்தது. வட்டமாக வெட்டியவை, நீள்சதுரமாக வெட்டியவை, வீரரின் உருவக்கோட்டை ஒட்டியே வெட்டியவை என்று வகைகள் பெருகின.

ஆட்டம் எளிது. ஒருவன் தன் அட்டையைத் தரையில் வைப்பான். மற்றவன் தன் அட்டையை அதன் ஓரமாக ஓங்கி அடிப்பான். மோதலிலோ எழும் காற்றிலோ கீழே கிடப்பது புரண்டுவிட்டால் அது அடித்தவனுக்குச் சொந்தம். புரளாவிட்டால் முறை மாறும். நம் தெருக்களில் சிகரெட் அட்டைகளையும் தீப்பெட்டிப் படங்களையும் வட்டத்துக்குள் வைத்து, கல்லால் அடித்து வெளியேற்றி வென்றவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். வெல்வதற்கு வித்தைகளும் இருந்தன. சிலர் அட்டைக்கு மெழுகு தேய்த்தார்கள். சிலர் எண்ணெயில் ஊறவைத்தார்கள். இரண்டை ஒன்றாக ஒட்டிக் கனமாக்கியவர்களும் உண்டு. இன்று ஏலத்துக்கு வரும் பழைய மென்கோவில் எண்ணெய்க் கறையைக் கண்டால் முகம் சுளிக்காதீர்கள். அது ஒரு சிறுவன் யோசித்துச் செய்த கைவேலையாக இருக்கலாம்.

ஜப்பானிலும் சிகரெட்டோடு படம் வந்த காலம் ஒன்று உண்டு. கியோட்டோவின் முராய் சகோதரர்கள் நிறுவனம் 1890களில், அமெரிக்க வழியைப் பின்பற்றி, 'ஹீரோ' சிகரெட்டில் படச்சீட்டுகளை வைத்து விற்றது. 1904இல் புகையிலை உற்பத்தியை அரசு தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. போட்டி போனபின் போட்டிக்காக வைத்த படத்துக்கு என்ன வேலை? அமெரிக்காவில் புகையிலைக் கம்பெனிகள் பேஸ்பால் அட்டையை உச்சத்துக்குக் கொண்டுபோன அதே ஆண்டுகளில், ஜப்பானில் அந்த வாசல் அடைபட்டுக் கிடந்தது. ஜப்பானிய அட்டை தெருவிளையாட்டின் வழியே வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

*

போருக்கு முந்தைய அட்டைகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும், ஏனென்றால் மிஞ்சியவை குறைவு. 1870களின் தொடக்கத்தில் ஹோரஸ் வில்சன் என்ற அமெரிக்க ஆசிரியர் டோக்கியோவில் தம் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஆட்டம், அரை நூற்றாண்டுக்குள் கல்லூரிகளின் உயிராகிவிட்டது. வசேதா, கெயோ பல்கலைக்கழகங்கள் மோதும் நாளில் நாடே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. அன்றைய அட்டை நாயகர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் அல்லர், மாணவர்கள். மென்கோவுக்குப் பக்கத்திலேயே புரோமைடு என்ற இன்னொரு வகையும் வளர்ந்தது. பளபளப்பான தாளில் அச்சிட்ட புகைப்படம் அது. டோக்கியோவின் அசகுசா பகுதியில் 1921இல் தொடங்கிய மருபெல்தோ கடை திரை நட்சத்திரங்களின் புரோமைடுகளுக்குப் பேர்பெற்றது. நடிகைகளுக்குக் கிடைத்த அந்த மரியாதை பேஸ்பால் வீரர்களுக்கும் கிடைத்தது.

1934 நவம்பரில் பேப் ரூத் வந்தார். யொமியூரி செய்தித்தாளின் அதிபர் ஷோரிகி மட்சுதாரோ ஏற்பாடு செய்த பயணம் அது. அமெரிக்கர்கள் ஜப்பானிய அணிகளிடம் ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. ஆனால் நவம்பர் 20 அன்று ஷிசுவோகாவில் 17 வயதுப் பையன் சவாமுரா எய்ஜி பந்தெறிந்தபோது, கெரிங்கர், ரூத், கெரிக், ஃபாக்ஸ் என்ற நால்வரும் அடுத்தடுத்து ஸ்ட்ரைக் அவுட் ஆனார்கள். கெரிக் பின்னர் அடித்த ஒரே ஹோம் ரன்னால் ஆட்டம் 1-0 என்று போனது. தோற்ற பையன்தான் ஜப்பானின் தலைமகனானான். 1936இல் தொழில்முறை லீக் பிறந்தது. ராணுவம் சவாமுராவைத் திரும்பத் திரும்ப அழைத்தது. கையெறி குண்டு வீசி வீசி அவர் தோள் கெட்டது. 1944 டிசம்பரில் அவர் ஏறிய கப்பலை அமெரிக்க நீர்மூழ்கி மூழ்கடித்தது. வயது 27. அவர் ஆடிய காலத்து அட்டை ஒன்றாவது கைக்கு வராதா என்று ஏங்காத சேகரிப்பாளர் இல்லை.

போர் முற்றியபோது மென்கோவில் போர்வீரனும் பீரங்கியும் விமானமும் நிறைந்தன. பேஸ்பாலிலிருந்து ஆங்கிலச் சொற்கள் விரட்டப்பட்டன. ரஷ்யாவில் பிறந்து, புரட்சியிலிருந்து தப்பிய பெற்றோரோடு ஹொக்கைதோவில் வளர்ந்த பந்தெறிவாளர் விக்டர் ஸ்டார்ஃபின், சுதா ஹிரோஷி என்று பெயர் மாற்றிக்கொள்ள நேர்ந்தது. கோராகுவென் மைதானத்தில் காய்கறி பயிரிட்டார்கள். நகரங்கள் எரிந்தன. மரவீடுகளோடு எத்தனை சிறுவர்களின் அட்டைப் பெட்டிகள் போயினவோ.

*

இனி வருவதுதான் இந்தக் கதையின் செழிப்பான பகுதி.

1945 ஆகஸ்டில் சரணடைந்த நாடு, நவம்பர் 23 அன்றே தொழில்முறை பேஸ்பாலை மீண்டும் ஆடிவிட்டது. கிழக்கு, மேற்கு என்று அணி பிரித்து ஆடிய அந்த ஆட்டம் டோக்கியோவின் ஜிங்கூ மைதானத்தில் நடந்தது. மைதானம் அப்போது அமெரிக்கப் படையின் கையில். அரிசிக்கே வரிசையில் நின்ற மக்கள் பந்தாட்டம் பார்க்க வந்தார்கள். அடுத்த ஆண்டு லீக் திரும்பியது. ஓஷிதா ஹிரோஷி என்ற புதிய முகம் 20 ஹோம் ரன் அடித்தது. அன்றைய தரமற்ற பந்தையும் பசித்த வயிற்றையும் நினைத்துப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய எண் என்று விளங்கும். ஓஷிதா நீல வண்ணம் பூசிய மட்டையைப் பிடித்தார். யொமியூரி ஜயன்ட்ஸின் கவாகாமி தெத்சுஹாரு சிவப்பு மட்டையைப் பிடித்தார். கரிந்துபோன நகரத்தில் பிள்ளைகளின் கண்ணுக்குக் கிடைத்த வண்ணங்கள் இவை.

மென்கோ அச்சிட்டவர்களுக்கு இது கொடுப்பினை. ஆக்கிரமிப்பு ஆட்சியில் போர்ப்படங்கள் போடும் பேச்சே இல்லை. அமெரிக்கரும் விரும்பும், ஜப்பானியரும் விரும்பும் ஒரே விஷயம் பேஸ்பால். ஆகவே 1947இலிருந்து பேஸ்பால் மென்கோ பெருக்கெடுத்தது. அட்டை மட்டம், மை மட்டம். ஆனால் அந்த வண்ணங்களில் இருக்கும் துணிச்சல்! ரோஜா நிற வானத்தின் கீழே மஞ்சள் நிற ஆட்டக்காரர் நிற்பார், முகம் மட்டும் பாதி அட்டையை அடைத்துக்கொண்டு.

அந்தக் காலத்து நீள்சதுர மென்கோ ஒன்றைக் கையில் எடுத்தால் கவனிக்கவேண்டியவை பல. விரல் நகத்தால் ஓரத்தைத் தொட்டாலே தெரியும், பல அடுக்குத் தாள் சேர்ந்த முரட்டு அட்டை. முன்பக்கம் ஓவியர் வரைந்த உருவம். பெரும்பாலும் பத்திரிகைப் புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது என்பதால் முகச்சாயல் சில சமயம் பொருந்தும், சில சமயம் பெயரைப் படித்தால்தான் ஆள் யாரென்று தெரியும். சிவப்பு கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும். அச்சகத்தில் ரிஜிஸ்டர் தப்பி, வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக அமராமல் இருக்கும். பின்பக்கம் திருப்பினால் ஒரே மையில் அச்சிட்ட மூன்று விஷயங்களில் ஏதேனும் ஒன்றோ இரண்டோ இருக்கும். ஒன்று, கல், காகிதம், கத்தரி ஆட்டத்துக்கான கைச்சின்னம். இரண்டு, நீளமான ஓர் எண். மூன்று, ஆட்டக்காரரின் பெயரும் அணியும். தரை ஈரமாக இருந்து அடித்து விளையாட முடியாத நாளில் இருவரும் அட்டையைத் திருப்பிக் காட்டுவார்கள். கத்தரி காகிதத்தை வெல்லும், பெரிய எண் சிறிய எண்ணை வெல்லும். ஓர் அட்டைக்குள் மூன்று நான்கு விளையாட்டுகளை அடக்கியிருந்தார்கள். வாங்கும் பிள்ளையின் காசுக்கு இதைவிட நேர்மையான மதிப்பு எந்த நாட்டு அட்டையிலும் எனக்குத் தெரிந்து இல்லை.

விற்ற இடம் தகாஷியா என்னும் மூலை மிட்டாய்க் கடை. அங்கே அட்டைகள் கட்டாகத் தொங்கும். சிறு உறைகளை நூலில் கோத்தோ அட்டையில் ஒட்டியோ வைத்திருப்பார்கள். காசைக் கொடுத்தால் பையன் தானே ஒன்றை உருவிக்கொள்ளலாம். உள்ளே யார் இருக்கிறார் என்பது பிரித்தால்தான் தெரியும். சில அட்டைகளின் பின்னால் பரிசு முத்திரை குத்தியிருக்கும். அது விழுந்தவனுக்குக் கடைக்காரர் அதே வீரரின், அல்லது இன்னொரு நட்சத்திரத்தின் பெரிய அளவு அட்டையைத் தருவார். அந்தப் பெரிய அட்டைகள் அன்றே எண்ணிக்கையில் குறைவு. இன்று கிடைப்பது அரிதினும் அரிது. முத்திரை குத்திய சிறிய அட்டைகளும் அரிதுதான், ஏனென்றால் பரிசுக்காக அவை கடைக்குத் திரும்பிப்போய்விட்டன. ஒரே கட்டில் சுமோ மல்லர், திரை நடிகர், வாள்வீரர் எல்லோரும் கலந்திருப்பார்கள். பேஸ்பால் மட்டும் சேகரிக்கிறேன் என்று இன்று நாம் பிரித்து வைக்கிறோம். அந்தப் பையனின் பெட்டியில் கவாகாமியும் யோகொசுனா என்னும் முதல்நிலைச் சுமோ மல்லரும் ஒன்றாகத்தான் கிடந்தார்கள்.

1950களின் தொடக்கத்தில் இனிப்புக் கம்பெனிகளும் களத்தில் இறங்கின. அதில் கோபாய் கேரமல் கதை தனி. 10 யென் பெட்டியில் ஜயன்ட்ஸ் வீரர் ஒருவரின் அட்டை இருக்கும். களத்தில் இறங்கும் வரிசை முழுவதையும், மேலாளர் மிசுஹாராவோடு சேர்த்தால் பேஸ்பால் கையுறை போன்ற பரிசுகள் கிடைக்கும். தோல் கையுறை என்பது அன்றைய ஜப்பானியச் சிறுவனுக்கு எட்டாக் கனி. பிள்ளைகள் பித்துப் பிடித்து அலைந்தார்கள். பெற்றோரும் பள்ளிகளும் கொதித்தார்கள். செய்தித்தாள்கள் எழுதின. 1954இல் கம்பெனியே மூடப்பட்டது. பரிசு வாங்குகிறவன் அட்டைகளைக் கொடுத்துவிட வேண்டும். ஆகவே முழு வரிசை சேர்த்த கெட்டிக்காரர்களிடம் ஓர் அட்டையும் மிஞ்சவில்லை. இன்று கையில் கிடைப்பவை, சேர்க்க முடியாமல் தோற்றவர்கள் வைத்திருந்தவை.

*

1958 ஏப்ரல் 5. ரிக்கியோ பல்கலைக்கழகத்திலிருந்து ஜயன்ட்ஸுக்கு வந்த நாகாஷிமா ஷிகெவோ தம் முதல் தொழில்முறை ஆட்டத்தை ஆடினார். எதிரே கொக்குதெத்சு ஸ்வாலோஸின் கனேதா மசாயிச்சி. நான்கு முறை மட்டை பிடித்தார், நான்கு முறையும் ஸ்ட்ரைக் அவுட். அவமானம் என்று மற்றவர் முடங்கியிருப்பார். நாகாஷிமா அந்த ஆண்டை 29 ஹோம் ரன்களோடு முடித்தார். அடுத்த ஆண்டு அதே அணியில் சேர்ந்தார் 18 வயது ஓ சதாஹாரு. பந்தெறிவாளராக வந்தவரை முதல் பேஸுக்கு மாற்றினார்கள். முதல் ஆண்டில் அவர் அடித்தவை 7 ஹோம் ரன்கள் மட்டுமே. 1959 ஜூன் 25 அன்று பேரரசர் ஹிரோஹிதோ கோராகுவெனுக்கு ஆட்டம் பார்க்க வந்தார். ஓ அடித்த ஹோம் ரன் ஜயன்ட்ஸைச் சமநிலைக்குக் கொண்டுவந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸில் நாகாஷிமா அடித்த ஹோம் ரன் ஆட்டத்தை முடித்தது. அந்த ஒரு மாலைக்குப் பின் ஜப்பானில் பேஸ்பால் பிடிக்காத பையனைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மென்கோவின் இரண்டாவது வெள்ளம் இதுதான். கல்லச்சு ஓவியத்தின் இடத்தில் இப்போது கறுப்பு வெள்ளைப் புகைப்படம் வந்தது, அதன்மேல் செயற்கையாக ஏற்றிய வண்ணங்களோடு. உதடு சிவந்திருக்கும், வானம் அடர்நீலமாக இருக்கும், பின்னணி ஆரஞ்சாக எரியும். சிலர் இதைக் கலைக்குறைவு என்பார்கள். 1958 முதல் 1964 வரையிலான இந்த அட்டைகளே எனக்கு மிகவும் பிடித்தவை. முகம் உண்மையான முகம், சுற்றியுள்ள உலகம் மட்டும் பிள்ளையின் கனவு. அவற்றில் ஓவின் தொடக்க கால அட்டைகளைத் தேடித்தான் இன்று உலகமெங்கும் ஆட்கள் அலைகிறார்கள். பின்னாளில் 868 ஹோம் ரன் அடித்தவரின் முதல் அட்டை என்றால் சும்மாவா?

பெரும்பாலான மென்கோவில் ஆண்டு அச்சிடப்படவில்லை. அச்சிட்டவர் பெயரும் பலவற்றில் இல்லை. அப்படியிருக்க எந்த ஆண்டு என்று எப்படிச் சொல்வது? சீருடைதான் சாட்சி. நிறுவனங்கள் கைமாறும்போதெல்லாம் ஜப்பானிய அணிகளின் பெயரும் மாறும். ஓரியன்ஸ் அணி 1957 வரை மைனிச்சி, 1958 முதல் 1963 வரை தைமாய். கின்தெத்சு அணி 1958 வரை பேர்ல்ஸ், அதன்பின் பஃபலோ. பென்சில் கம்பெனியான தோம்போ ஓர் அணிக்குத் தன் பெயரைக் கொடுத்தது 1955 என்ற ஒரே ஆண்டில்தான். அந்தச் சீருடையில்தான் ஸ்டார்ஃபின் தம் 300ஆவது வெற்றியைப் பெற்றார். அப்படி ஓர் எழுத்து மார்பில் தெரிந்தால் வேறு ஆராய்ச்சி வேண்டாம். மட்டை பிடிக்கும் நிலையும் சாட்சி சொல்லும். ஓ ஒற்றைக் காலைத் தூக்கி நின்று அடிக்கத் தொடங்கியது 1962 கோடையில். கால் தூக்கிய படமென்றால் அட்டை அதற்கு முந்தையதாக இருக்க வழியில்லை. கிடைமட்ட எழுத்து வலமிருந்து இடமாக ஓடினால் பெரும்பாலும் அது போருக்கு முந்தைய அட்டை. இப்படி ஒரு துணுக்கிலிருந்து ஆண்டைப் பிடிக்கும் மகிழ்ச்சி, ஆண்டை முகத்திலேயே அச்சிட்டுவரும் அட்டைகளில் கிடையாது.

வெள்ளம் வடிந்தது 1960களின் நடுவில். வீட்டுக்குள் தொலைக்காட்சி வந்தது. 1959 மார்ச்சில் 'ஷோனென் சண்டே', 'ஷோனென் மேகசின்' என்ற இரு சிறுவர் வார இதழ்களும் வந்தன. 'சண்டே'யின் முதல் இதழ் அட்டைப்படமே நாகாஷிமாதான். மென்கோவில் தேடிய நாயகன் இப்போது வாராவாரம் இதழில் வந்தான். 1963இல் மெய்ஜி கம்பெனி மார்பிள் சாக்லெட்டோடு அஸ்ட்ரோ பாய் ஸ்டிக்கர் கொடுத்தது. பிள்ளைகளின் காசு அந்தப் பக்கம் சாய்ந்தது. தெருக்களில் தார் விழுந்தது, வண்டிகள் பெருகின. அட்டை அடிக்க மண் எங்கே? 1967இல் கபாயா நிறுவனம் அமெரிக்க லீஃப் கம்பெனியின் பெயரோடு 105 அட்டைகள் கொண்ட தொகுப்பை வெளியிட்டது. அமெரிக்காவின் டாப்ஸ் கம்பெனி 1959ஆம் ஆண்டு வெளியிட்ட அட்டையைப் பார்த்துச் செய்த அமைப்பு. அழகான தொகுப்பு, ஆனால் தொடரவில்லை.

தொடர்ந்தது 1973இல் வந்த கால்பி. 1971இல் அந்த நிறுவனம் தொலைக்காட்சி நாயகன் 'காமென் ரைடர்' பெயரில் வந்த தின்பண்டத்தோடு அட்டை வைத்தபோது, பிள்ளைகள் அட்டையை எடுத்துக்கொண்டு தின்பண்டத்தை வீதியில் எறிந்தார்கள். அது நாடே பேசிய பிரச்சினையானது. அந்த அனுபவத்தோடு வந்தது 20 யென் 'புரோ யாக்யூ ஸ்னாக்', அதாவது தொழில்முறை பேஸ்பால் தின்பண்டம். முதலாம் எண் அட்டையில் நாகாஷிமா. மைதானத்தில் எடுத்த வண்ணப் புகைப்படம் முன்னால், சில வரி எழுத்து பின்னால். பைக்குள் 'லக்கி கார்டு' விழுந்தவன் அதை அனுப்பி ஆல்பம் பெற்றான். கவனியுங்கள், அடித்து விளையாடிய தலைமுறைக்குப் பெரிய அட்டை பரிசு, இந்தத் தலைமுறைக்கு அட்டையைப் பாதுகாக்கும் ஆல்பம் பரிசு. ஜப்பானிய அட்டை அன்றைக்குத்தான் சேகரிக்கும் பொருளானது. 1975 முதல் 1977 வரை ஓடிய ஒரு தொகுப்பில் மட்டும் 1400க்கும் மேற்பட்ட அட்டைகள். சில வரிசைகள் குறிப்பிட்ட பகுதிகளில் மட்டுமே விற்றன. தேடுவோரைப் பெரும்பாடு படுத்துபவை அவைதான்.

*

இந்த அட்டைகளுக்குப் பட்டியல் போடும் வேலையில் பெரும்பங்கு அமெரிக்கர்களுடையது. கேரி எங்கெல் தொகுத்த பட்டியல் நூல்தான் இன்று சேகரிப்பாளர்களின் அகராதி. ஜேசிஎம் என்றால் நீள்சதுர மென்கோ, ஜேஆர்எம் வட்ட மென்கோ, ஜேடிஎம் உருவம் வெட்டியது, ஜேபிஆர் புரோமைடு, ஜேகே கருதா என்னும் எழுத்து விளையாட்டு அட்டை. பெயரோ ஆண்டோ இல்லாத ஆயிரக்கணக்கான அட்டைகளுக்கு இப்படி முகவரி கிடைத்தது. பட்டியலில் இல்லாத தொகுப்புகள் இன்னும் தலைகாட்டிக்கொண்டே இருக்கின்றன. எங்கெலும் நூல் வடிவமைப்பாளர் ஜான் காலும் சேர்ந்து 2006இல் வெளியிட்ட 'சயோனரா ஹோம் ரன்!' இவற்றைக் கலைப்பொருளாக உலகுக்குக் காட்டியது. இந்த உழைப்புக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் அதோடு அமெரிக்கப் பழக்கம் ஒன்றும் வந்து சேர்ந்தது. மென்கோவைத் தர நிர்ணய நிறுவனத்துக்கு அனுப்பி, 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் உறையில் அடைத்து விற்கிறார்கள். மிக உயர்ந்த மதிப்பெண் வாங்குபவை பெரும்பாலும் பிரிக்காத கட்டிலிருந்தும், விற்காமல் தங்கிப்போன சரக்கிலிருந்தும் வந்தவை. பழைய மொத்தக் கடையில் கட்டோடு கிடைத்ததைப் பிரித்து, மதிப்பெண் வாங்கத் தகுந்ததை மட்டும் உருவிக்கொண்டு, உறையையும் நூலையும் கடை அட்டையையும் எறிந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கட்டு ஒன்றாக இருந்தால்தான் எந்த வீரர்கள் ஒரே தொகுப்பில் வந்தார்கள், பரிசு எத்தனைக்கு ஒன்று விழுந்தது, ஒரு கட்டின் விலை என்ன என்பதெல்லாம் தெரியும். பிரித்தபின் மீட்க வழியில்லை. இதை வரலாற்றுக்குச் செய்யும் கேடு என்றே சொல்வேன்.

ஜப்பானுக்குப் போகும் வாசகர்கள் டோக்கியோ டோமில் உள்ள பேஸ்பால் மண்டப அருங்காட்சியகத்தைப் பாருங்கள். அங்கிருந்து நடந்தே போகும் தூரத்தில் ஜிம்போச்சோ பழைய புத்தக வீதி இருக்கிறது. அங்கோ இணைய ஏலத்திலோ ஒரு மென்கோ வாங்க நேர்ந்தால், விற்பவரிடம் பின்பக்கத்தையும் காட்டச் சொல்லுங்கள். கைச்சின்னமும் எண்ணும் முத்திரையும் அங்கேதான் இருக்கின்றன. கட்டாகக் கிடைத்தால் கட்டாகவே வைத்திருங்கள். வளைந்த அட்டையை நிமிர்த்தாதீர்கள், கறையைத் துடைக்காதீர்கள், ஓரத்தை வெட்டிச் சீராக்காதீர்கள். பின்பக்கத்தில் ஒரு சிறுவன் பென்சிலால் தன் பெயரை எழுதியிருந்தால் அதை அழிக்கவே அழிக்காதீர்கள்.

(தொடரும்)